படத்திலிருந்து பாடத்திற்கு: பழைய தமிழ் நூல்கள் மின்நூலாகும் வரலாறு

பழைய நூல் ஒன்றின் பக்கங்களை வருடியில் வைத்துப் படமெடுத்து, அப்படங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகத் தொகுத்துவிட்டால் அந்நூல் மின்நூலாகிவிட்டது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. ஆசிரியர் சிலர் கூடி நாங்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்திலும் அவ்வெண்ணமே நெடுங்காலம் நிலவியது. 1950களில் இவ்வட்டாரத்தில் அச்சான சிறுகதைத் தொகுப்பு ஒன்றை, அதன் ஆசிரியரின் குடும்பத்தார் இசைவுடன் அவ்வாறு படமெடுத்து மாணவர்க்கு வழங்கினோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, முதற்கதையைத் தாண்டியவர் எவருமில்லை. காரணம் வினவினோம். ஒரு மாணவி தம் மின்வாசிப்பானை எடுத்து எங்கள் முன் வைத்தார். ஆறங்குலத் திரை, அதற்குள் நூலின் ஒரு முழுப் பக்கம், எழுத்துகளோ கடுகளவு. பெரிதாக்கினால் வரியின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுக்க வேண்டியிருக்கிறது. “இது புத்தகத்தின் புகைப்படம்தானே, ஐயா?” என்று அவர் கேட்டார். அவ்வினாவிற்கு விடை காணப் புகுந்தபோது நாங்கள் கற்றவற்றையே இக்கட்டுரையில் வரலாற்று முறையில் எடுத்துரைக்க முயல்கிறோம்.

முதலில் படத்திற்கும் பாடத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். அச்சிட்ட பக்கத்தை வருடி படமெடுக்கும்போது, கணினி அதனைக் கறுப்பும் வெளுப்புமான பல இலட்சம் புள்ளிகளாகவே சேமிக்கிறது. அப்புள்ளிகளுள் எவை ‘அ’ என்னும் எழுத்தாகக் கூடுகின்றன, எவை தாளில் படிந்த கறை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மாறாக, ‘அ’ என்று விசைப்பலகையில் தட்டும்போது கணினி சேமிப்பது ஓர் எண்ணை. ஒருங்குறி முறையில் அவ்வெண் 2949. எண்ணாகச் சேமித்ததைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், திரையின் அகலத்திற்கேற்ப வரிகளை மடித்து ஓடவிடலாம், ஒரு சொல்லைத் தேடலாம், அகராதியோடு இணைக்கலாம், பார்வையற்றோர்க்குக் குரலாக மாற்றித் தரலாம். படத்திடம் இவற்றுள் ஒன்றையும் எதிர்பார்க்க இயலாது. பாடம் என்னும் சொல்லை இவண் நாம் பழைய உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் ஆண்ட பொருளிலேயே ஆள்கிறோம். ஒரு நூலின் சொற்கள் இவை என்று துணிந்து நிறுவப்பெற்ற வடிவமே பாடம். துணிந்து என்பது இங்கு இன்றியமையாத சொல். படமெடுக்கத் துணிவு தேவையில்லை. பாடம் அமைக்க ஒருவர் ஒவ்வோர் எழுத்திலும் முடிவெடுத்தாக வேண்டும்.

இம்மாற்றம் தமிழுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓலைச் சுவடிகள் அச்சுக்கு வந்தபோது நிகழ்ந்ததும் இதுவே. ஓலையில் எழுத்தாணியால் கீறுவோர் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இடுவதில்லை. ஓலை கிழிந்துவிடும் என்னும் அச்சம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே, சுவடியைப் பார்த்து எழுதுவது என்பது வெறும் படியெடுத்தல் அன்று. பொருள் உணர்ந்து, யாப்பு அறிந்து, இவ்விடத்தில் இது புள்ளி பெறும், இது கால் என்று தீர்ப்பளிப்பதாகும். உ.வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பின்னர்ச் சீவக சிந்தாமணியைக் கற்கத் தொடங்கி, பல சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் அதனைப் பதிப்பித்த வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே. அதே 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார்.

அதே ஆண்டில்தான் சிங்கப்பூரிலும் ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழ் தோன்றியது என்பதைப் பலர் சேர்த்து நினைப்பதில்லை. அதன் ஆசிரியர் சி.கு. மகுதூம் சாயபு. கும்பகோணத்தார் ஈராயிரமாண்டுப் பழமையை அச்சேற்றிக்கொண்டிருந்த அதே பொழுதில், இங்கிருந்தோர் அன்றாடச் செய்தியை அச்சேற்றிக்கொண்டிருந்தனர். ஓலையின் வழி வந்த பனுவல்களுக்குப் பதிப்பாசிரியர்கள் கிடைத்தனர். நம் வட்டாரத்தின் இதழ்களும் நூல்களுமோ அச்சிலேயே பிறந்தவை. ஆதலால் அவற்றுக்குப் பதிப்பாசிரியர் தேவை என்று எவரும் கருதவில்லை. மட்டமான தாளும் நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அவற்றைப் பழுப்பாக்கிப் பொடியாக்கத் தொடங்கிய பின்னரே நுண்படச் சுருள்களும், பிறகு மின்வருடலும் உதவிக்கு வந்தன. இரண்டும் படத்தைக் காத்தன. பாடம் அப்படியே நின்றது.

எழுத்தை எண்ணாக்கும் முயற்சி மேலை நாட்டில் 1971 ஜூலை 4 அன்று தொடங்கியது எனலாம். அன்று அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர் தம் நாட்டின் விடுதலை அறிக்கையைப் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் தட்டச்சு செய்து பிறர்க்கு வழங்கினார். குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம் அதுவே. தமிழில் அத்தகைய திட்டம் எழ மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆர்வமின்மை அதற்குக் காரணமன்று. தட்டுவதற்கு ஒரு பொதுவான தமிழ் எழுத்தே கணினியில் இருக்கவில்லை.

1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துரு உருவாக்கியோர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் வழங்கினர். ஒருவரிடம் ‘க’ இருந்த இடத்தில் மற்றவரிடம் ‘ஞ’ இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தமிழ் வடிவங்கள் கடன் வாங்கியிருந்தமையால், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திருக்குறளும் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றும். இக்குழப்பத்திலிருந்து விடுபடும் முயற்சியில் நம் வட்டாரத்தார் ஆற்றிய பங்கு சிறிதன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை வளர்த்தெடுத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோருடன் இணைந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது அதில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இங்கேயே கூடியது.

நா. கோவிந்தசாமியைப் பற்றி இங்கு ஒரு சொல். 1888இல் சிங்கை நேசனில் வெளிவந்த ‘விநோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாக எடுத்துக்காட்டியவரும் அவரே. ஒரு கையால் நூறாண்டுப் பழைய இதழைப் புரட்டியவர், மறு கையால் வரப்போகும் எழுத்துக்கு விசைப்பலகை அமைத்தார். 1999இல், ஐம்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தார். இன்று மாணவர்க்கு அவர் பெரும்பாலும் கணினியாளராகவே அறிமுகமாகிறார். அவ்விரண்டு பணிகளும் ஒன்றே என்று நாங்கள் கருதுகிறோம்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியலாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் அச்சு நூலை எதிரே வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டினர். வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். வருடியோ எழுத்துணரியோ இல்லை. ஓலையைப் பார்த்துத் தாளில் எழுதியோரின் உழைப்பே இங்குத் தாளைப் பார்த்துத் திரையில் எழுதியோரிடமும் தொடர்ந்தது. சங்க நூல்களும் திருமுறைகளும் நாலாயிரமும் இன்று நம் கைப்பேசியில் கிடைப்பதற்கு அவர்களின் விரல்களுக்கே நாம் நன்றி கூற வேண்டும்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் கணினிகள் அதனைப் பயன்படுத்தும் நிலை 2000ஆம் ஆண்டை ஒட்டியே உருவாயிற்று. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010இல். இந்த இடைவெளி நமக்கு ஒரு விந்தையான சுமையை விட்டுச் சென்றுள்ளது. 1957இல் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட நூலும், 1997இல் கணினியிலேயே வடிவமைத்து அச்சிட்ட நூலும் மின்நூலாக்குவோர்க்கு ஏறத்தாழ ஒரே அளவு தொல்லையைத் தருகின்றன. இரண்டாவதன் பிடிஎஃப் கோப்பு கிடைத்தாலும், அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலே வந்து விழும். எழுத்துருவின் பெயரை அறிந்து, அதற்குரிய மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொணர வேண்டும். அண்மைக் காலத்து நூல், ஆகவே பத்திரமாக உள்ளது என்று எண்ணி வாளாவிருப்பது பிழை. பதிப்பகத்தாரின் பழைய வட்டுகளில் உறங்கும் அக்கோப்புகளே முதலில் மீட்கப்பட வேண்டியவை என்பது எங்கள் கருத்து.

இனி, அம்மாணவி எங்கள் முன் வைத்த கருவிக்கு வருவோம். மின்தாள் எனப்படும் திரை பின்னொளியால் ஒளிர்வதன்று. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெளுப்புமான துகள்கள் மிதக்கின்றன. மின்னூட்டம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தை உருவாக்குகிறது. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். வெயிலில் அமர்ந்தும் தாளைப் போலவே படிக்கலாம். இத்திரையுடன் சோனி நிறுவனத்தின் கருவி 2004இல் ஜப்பானில் வந்தது. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஈபப் என்னும் மின்நூல் வடிவமும் தரமாக ஏற்கப்பட்டது. ஈபப் என்பது சுருங்கச் சொன்னால் ஒரு சிறு இணையத்தளத்தை மூட்டையாகக் கட்டியது போன்றது: பாடம், தலைப்புகளின் வரிசை, படங்கள், நூற்குறிப்பு ஆகியன ஒரே கோப்பில் அடங்கும். திரை எத்தனை அங்குலமாயினும் பாடம் அதற்கேற்ப ஓடும்.

தமிழ் அவ்வாறு எளிதில் ஓடிவிடவில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் ககரத்தைச் சூழ்கின்றன. கணினியிலோ முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும் மென்பொருளே கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். தொடக்கக் காலக் கருவிகளுள் பலவற்றுக்கு அந்த அறிவு புகட்டப்படவில்லை. எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்பினாலும் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். அக்காலத்தில் தமிழை மின்வாசிப்பானில் படிக்க விரும்பியோர்க்கு ஒவ்வொரு பக்கத்தையும் ஆறங்குல அளவிலான படமாக்கி ஏற்றுவதே வழியாக இருந்தது. கிண்டிலில் தமிழ் நூல்கள் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். ஆங்கில நூல்கள் அங்கு வந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்.

படத்தைப் படமாகவே படிப்பதற்கும் சில கைமருந்துகள் உண்டு. ஒரு டெமி அளவு நூலின் பக்கம் ஏறத்தாழ 14 செண்டிமீட்டர் அகலம். ஆறங்குலத் திரையின் அகலமோ 9 செண்டிமீட்டர். பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டால் எழுத்து ஓரளவு பெரிதாகும். சிறு நூல்களுக்கு அதுவே போதும். படத்திலுள்ள வரிகளைச் சொற்களுக்கிடையே துண்டித்து, குறுகிய வரிகளாக மீண்டும் அடுக்கித் தரும் மென்பொருள்களும் உள்ளன. செய்யுளுக்கு அவை ஆகா, அடிகளைக் கலைத்துவிடும். ஒளிப்படங்கள் நிறைந்த ஆண்டு மலர்களையும் இதழ்களையும் படமாகவே விட்டுவிடுவது நன்று. கதை, கட்டுரை, நாவல் ஆகியவற்றுக்குத்தான் பாடம் தேவை. அதற்கு எழுத்துணரி தேவை.

அச்செழுத்தைக் கணினி தானே அறிந்துகொள்ளும் கலை பழமையானது. 1976இல் ரே கர்ஸ்வைல் பார்வையற்றோர்க்காக அமைத்த படிக்கும் பொறி, எவ்வகை அச்செழுத்தையும் உணர்ந்து வாய்விட்டுப் படித்தது. ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் 1985க்கும் 1994க்கும் இடையே உருவான டெசராக்ட் என்னும் எழுத்துணரி, 2005இல் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. பின்னர்த் தமிழையும் கற்றது. 2015ஆம் ஆண்டளவில் கூகுளின் சேமிப்பகத்தில் ஒரு படத்தை ஏற்றினால் தமிழ்ப் பாடமாகத் திரும்பக் கிடைக்கும் வசதி ஏற்பட்டது. ஒரு நாள் முழுதும் தட்ட வேண்டியதைச் சில நொடிகளில் அது செய்து முடித்தது கண்டு நாங்கள் வியந்தோம். வியப்பு அடங்கச் சிறிது காலம் ஆயிற்று.

முதல் இடர் பழைய எழுத்துகளால் வந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்பு ணா, றா, னா ஆகிய மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசைகளும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் ஆகப் பதின்மூன்று எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. யானைத் துதிக்கையை மேலே தூக்கியதுபோன்ற அக்கால ‘லை’யை இன்றைய மாணவர் பலர் கண்டதில்லை, புதிய அச்சில் பழகிய பொறியும் அதைக் கண்டு மருண்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒரே எண்தான், வேறுபாடு எழுத்துருவின் வரைவில் மட்டுமே. ஆகவே பாடத்தில் நாம் எதையும் இழப்பதில்லை என்று வாதிடலாம். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். ஆனால், பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தினார் என்பதை நினைவுகூர்க. 1978க்கு முன் ஒரு நூல் புதிய ‘லை’யில் அச்சாகியிருந்தால், அந்த ஆசிரியரோ அச்சகத்தாரோ எந்தப் பக்கம் நின்றனர் என்பதற்கு அந்த எழுத்தே சான்று. மின்நூலில் அச்சான்று ஓசையின்றி மறைந்துவிடுகிறது. ஆதலால் மூல நூல் எவ்வெழுத்தில் அச்சானது என்பதை முன்னுரையில் ஒரு வரியாவது எழுதிவைப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இரண்டாவது இடர் வரி ஈறுகளில். பழைய அச்சகத்தார் வரி முடிந்தால் சொல்லை எந்த அடையாளமும் இன்றி முறித்து அடுத்த வரியில் தொடர்வர். பொறியோ ஒவ்வொரு வரி ஈற்றிலும் ஓர் இடைவெளி விடுகிறது. ‘தோட்டத் திலிருந்து’, ‘பால்மரக் காட் டில்’ என்று சொற்கள் இரண்டாகிக் கிடக்கும். படிப்போர் எப்படியோ சேர்த்துப் படித்துவிடுவர். தேடுவோர்க்குத் ‘தோட்டத்திலிருந்து’ என்னும் சொல் அந்நூலில் இல்லவே இல்லை.

மூன்றாவதைக் கூறக் கூசுகிறோம். ஆயினும் கூறியாக வேண்டும். மேற்குறித்த சிறுகதைத் தொகுப்பில் ஒரு கதை ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றியது. எழுத்துணரி தந்த பாடத்தை நாங்கள் ஒரு முறை மேலோட்டமாகப் படித்து, சொற்பிழை திருத்தியில் இட்டுச் சிவப்புக் கோடுகளையெல்லாம் நீக்கி, காலிபர் என்னும் மென்பொருளால் ஈபப் ஆக்கி மாணவர்க்கு அனுப்பிவிட்டோம். இம்முறை மாணவர் படித்தனர். கதையைப் பற்றிக் கட்டுரையும் எழுதினர். அவற்றுள் ஒன்றில், ஊராரை வதைத்த சிப்பாய்களிடத்தும் இரக்கம் இருந்ததை ஆசிரியர் நடுநிலையோடு காட்டியுள்ளார் என்று ஒரு மாணவர் பாராட்டியிருந்தார். எங்களுக்குப் புரியவில்லை. மூலத்தை எடுத்துப் பார்த்தோம். தப்பியோடிய தொழிலாளி ஒருவனைப் பிடித்துச் ‘சுட்டுப் போட்டார்கள்’ என்று அச்சு நூலில் இருந்தது. எங்கள் மின்நூலில் அவனைப் பிடித்துக் ‘கட்டுப் போட்டார்கள்’.

மங்கிய மையில் ‘சு’வின் கீழ்வளைவு சிறிது தேய்ந்திருந்தால் அது ‘க’ போலத் தோன்றும். ‘சுவர்’ ‘கவர்’ ஆகும். ‘சுரை’ ‘கரை’ ஆகும். மாறிய சொல்லும் தமிழ்ச் சொல்லே ஆதலால் சொற்பிழை திருத்தி வாய் திறவாது. பொறியின் பிழைகளுள் அவலட்சணமாகத் தெரிபவற்றால் ஆபத்தில்லை. அவை தாமே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளோடு வந்து அமர்ந்துகொள்பவையே கொடியவை. ஒரு கொலை எங்கள் கையில் மருத்துவமாகிவிட்டது. அம்மாணவர் படித்ததை நேர்மையாகவே படித்தார். கட்டுரையும் நன்றாகவே எழுதியிருந்தார். அவரிடம் நடந்ததை விளக்கி வருத்தம் தெரிவித்தோம். கோப்பைத் திரும்பப் பெற்றோம் என்று சொல்ல ஆசைதான். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் சென்றுவிட்ட கோப்பைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்?

இதன் பின்னரே மெய்ப்புப் பார்த்தல் எவ்வாறு நடக்க வேண்டும் என்று பிறரிடம் கற்கச் சென்றோம். குட்டன்பர்க் திட்டத்துக்குத் துணையாக 2000ஆம் ஆண்டில் தோன்றிய பகிர்ந்த மெய்ப்பாளர் அமைப்பு, ஒரு நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலரிடம் வழங்கும் முறையைக் கண்டது. படத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அதன் உயிர்நிலை. தமிழ் விக்கிமூலமும் இம்முறையையே பின்பற்றுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் பெருந்தொகையாக அங்கு ஏற்றப்பட்டு, எழுத்துணரியின் பாடத்தை ஆர்வலர்கள் திருத்தி வருகின்றனர். ஒரு பக்கம் திருத்தப்படாத வரை அதன் அடையாளம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மீண்டும் படித்து ஒப்பினால்தான் பச்சை. திருத்தியவரே பச்சையாக்க இயலாது. எளிய விதி, ஆனால் ‘சுட்டு’ ‘கட்டு’ ஆனதை எங்களுக்குள் ஒருவர் கண்டிருக்கக்கூடிய ஒரே வழி அதுவே.

நாங்களும் அத்தொகுப்பை அவ்வாறே மறுபடி தொடங்கினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரும் இணையாகப் படித்தனர். ஒருவர் அச்சு நூலை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையைத் தொடர்வார். மறுநாள் இடம் மாறிக்கொள்வர். பழைய எழுத்தை அறிந்தவர் முதியவர். கோப்பை அறிந்தவர் இளையவர். ‘கிராணி’, ‘ஆயாக் கொட்டகை’, ‘பெரட்டுக் களம்’ முதலிய தோட்டப்புறச் சொற்களைப் பொறி ஒவ்வொரு முறையும் வேறு ஏதோவாக மாற்றியிருந்தது. அவற்றை மீட்கும் சாக்கில் முதியவர் கூறிய கதைகளைக் கேட்டு வேலை பாதியில் நின்ற மாலைகளும் உண்டு. ஒரு மாலையில் நான்கு பக்கம் முடிந்தால் பெரிது. நூலின் அச்சுப் பக்க எண்களையும் பாடத்தினிடையே சிறு எண்களாகப் பதித்தோம். ஓடும் பாடத்தில் பக்கம் என்பதே இல்லாமையால், மேற்கோள் காட்டும் மாணவர் மூலத்துக்குத் திரும்ப அதுவே பாலம். பின்னட்டையில் இருந்த துணிக்கடை விளம்பரத்தையும், விலை இத்தனை வெள்ளி என்னும் குறிப்பையும் படமாகச் சேர்த்தோம்.

ஆசிரியர் எழுதிய பிழையைத் திருத்தலாமா என்னும் வினா அடிக்கடி எழுந்தது. அச்சுக்கோப்பாளரின் பிழை என்று ஐயமற விளங்குவதைத் திருத்திப் பின்னிணைப்பில் குறித்தோம். சந்தி மிகாத இடங்களையும் பேச்சு வழக்கையும் தொடவில்லை. இலக்கண ஆசிரியர்களான எங்களுள் சிலர்க்குக் கை அரித்தது உண்மையே.

உரிமை பற்றியும் ஒன்று கூற வேண்டும். சிங்கப்பூரில் ஓர் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அவர் நூலுக்குக் காப்புரிமை உண்டு. மலேசியாவில் 50 ஆண்டுகள். ஆகவே, ஒரே எழுத்தாளரின் நூல் ஜொகூர் பாருவில் பொதுவுடைமையாகவும் பாலத்தைக் கடந்தால் உரிமையுடையதாகவும் இருக்கக்கூடும். இரு கரையிலும் வாழ்ந்து எழுதியவர் பலர் இருக்கும் நம் இலக்கியத்தில் இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. நாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2015இல் நிறைவேறிய சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில், அருண் மகிழ்நன் தலைமையில் தன்னார்வலர்கள் ஐம்பதாண்டுப் படைப்புகளைத் திரட்டியபோது, எழுத்தாளர்களிடமும் குடும்பத்தாரிடமும் ஒப்புதல் பெறுவதே பெரும்பணியாக இருந்தது. உரிமையாளரைத் தேடிச் செல்வதில் வேறொரு பயனையும் நாங்கள் கண்டோம். எங்கள் தொகுப்பின் ஆசிரியர் தம் கைப்படத் திருத்தம் செய்து வைத்திருந்த படி அவர் மகள் வீட்டு அலமாரியில் இருந்தது. அச்சான பின்னர் மூன்று கதைகளின் முடிவை அவர் பென்சிலால் மாற்றியிருந்தார்.

அம்மூன்றையும் இருவகையாகவும் மின்நூலில் தந்துள்ளோம். அச்சு முடிவு முதலிலும் பென்சில் முடிவு இணைப்பாகவும். முழு நூலும் இரு முறை படிக்கப்பெற்று இவ்வாண்டுதான் மாணவர் கைக்குச் சென்றது. முதலில் எங்களிடம் வினா எழுப்பிய மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் பயில்கிறார்; அவருக்கும் ஒரு படி அனுப்பினோம். ஒரே ஓர் இடம் மட்டும் நிரம்பவில்லை. 62ஆம் பக்கத்தின் அடியில் ஒரு சொல்லைச் செல்லரித்துவிட்டது. மகளின் படியிலும் அத்தாள் மடிந்து கிழிந்துள்ளது. ‘மழை’ என்கிறார் முதியவர். ‘மறை’ என்பது இளையவர் துணிபு. மின்நூலில் அவ்விடத்தைச் சதுர அடைப்புக்குள் வெற்றிடமாக விட்டு, அந்த ஒரு வரியின் படத்தை மட்டும் கீழே வைத்திருக்கிறோம். மூன்றாவது படி ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.